ஹைப்ரிட் டிரெய்லர்: மூணு சம்மர் இழுத்துட்டுப் போனவன் சொல்றேன்

ஹைப்ரிட்னதும் பேட்டரி, கரண்ட்னு நினைச்சுக்காதீங்க. கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போய் உள்ளயே தங்கற டிரெய்லர்ல இது ஒரு வகை, பாதி டிரெய்லர் பாதி டென்ட், அவ்ளோதான். நடுவுல கெட்டி சுவரு வச்ச பெட்டி, அதுல கிச்சன், பாத்ரூம், சோஃபா எல்லாம் இருக்கும். முன்னாடியும் பின்னாடியும் ஒரு பலகையை கீழ இறக்கினா அதுவே கட்டில், மேல கேன்வாஸ் கூடாரம். நாங்க மிச்சிகன்ல டெட்ராய்ட் பக்கம் இருக்கோம், 2022ல செகண்ட் ஹேண்ட்ல 9,500 டாலருக்கு ஒண்ணு வாங்கினோம். பிராண்ட் பேர் சொல்லல, ஏன்னா நான் சொல்லப்போற குறை எல்லாமே கேன்வாஸோட குறை, எந்த கம்பெனி வாங்கினாலும் அதேதான்.

வாங்கின காரணம் சிம்பிள். நாங்க நாலு பேர், சம்மர்ல ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்துட்டா ஆறு. ஆறு பேர் படுக்கற மாதிரி சாதா டிரெய்லர் பார்த்தா 26, 28 அடிக்கு வந்து நிக்குது, அதை இழுக்க பிக்கப் டிரக் வேணும், அப்புறம் டிரெய்லர் செலவை விட டிரக் செலவு பெருசாயிடும். எங்ககிட்ட இருக்கறது ஹோண்டா பைலட் ஆல் வீல் டிரைவ், 5,000 பவுண்ட் வரைக்கும் இழுக்கும். எங்க டிரெய்லர் மூடினா 19 அடி, ரெண்டு பக்கமும் விரிச்சா 27. காலி எடை 3,700னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கு, ஆனா சாமான் எல்லாம் ஏத்திட்டு ஹைவேல டிரக் ஸ்டாப்ல இருக்கற எடை மேடைல நிறுத்திப் பார்த்தா 4,380! பாத்திரம், அரிசி, நாற்காலி, சைக்கிள்னு நம்ம ஆளுங்க ஏத்தற ஏத்து அப்படி. தண்ணி ஒரு கேலன் 8.3 பவுண்ட், அதனால டேங்கை ரொப்பிட்டு கிளம்பாதீங்க, டிரெய்லரை நிறுத்தித் தங்கற கேம்ப்கிரவுண்ட்ல போய் புடிச்சுக்கலாம். இன்னொண்ணு, பைலட் மேனுவலைப் பிரிச்சுப் பாருங்க, கார்ல ஆள் ஏற ஏற இழுக்கற அளவு குறைஞ்சுட்டே வரும். அதனால அப்பா அம்மா வந்தா நாங்க ரெண்டு காராதான் போவோம். டீலர்கிட்ட கேட்டா "அதெல்லாம் இழுக்கும் சார்"னு தான் சொல்லுவாங்க.

நல்லதை மொதல்ல சொல்லிடறேன். ராத்திரி கேன்வாஸ் ஜன்னல் மூணு பக்கமும் ஜிப்பை இறக்கிட்டு வலை மட்டும் விட்டு படுத்தீங்கன்னா, சின்ன வயசுல கரண்ட் போன ராத்திரில மொட்டை மாடில பாய் விரிச்சுப் படுத்த அதே சுகம். லடிங்டன் ஸ்டேட் பார்க்ல முதல் ராத்திரி மிச்சிகன் ஏரிக் காத்து அடிக்குது, அப்பா "இதுக்கா ஏசி வாங்கின"ங்கறாரு. பசங்க ஒரு கோடிக் கட்டில்ல, பெரியவங்க இன்னொரு கோடிக் கட்டில்ல, நாங்க நடுவுல சோஃபா கட்டில்ல, ஒருத்தர் மேல ஒருத்தர் விழாம எல்லாருக்கும் இடம் இருந்துச்சு. அம்மாவுக்கு நடு ராத்திரில டார்ச் எடுத்துட்டு பொதுக் கழிப்பறைக்கு நடக்கற வேலை இல்ல, டென்ட்ல வரமாட்டேன்னு அடம் புடிச்சவங்க இதுல வந்ததே அந்த பாத்ரூமுக்காகத்தான்.

இப்ப மழைக்கு வருவோம், இங்கதான் வண்டி வண்டியா சொல்லணும். மழை பெய்யும்போது பிரச்சனை இல்ல, கேன்வாஸ் மேல தடதடன்னு சத்தம் கேக்கும், உள்ள ஒழுகாது. கிளம்பற அன்னிக்கு பெஞ்சாதான் செத்தோம். செப்டம்பர் முதல் திங்கக்கிழமை லீவு வர்ற லேபர் டே வீக்எண்ட், ஞாயித்துக்கிழமை ராத்திரி பூரா மழை, திங்கக்கிழமை மதியத்துக்குள்ள சைட்டை காலி பண்ணியாகணும். ஈரக் கேன்வாஸை அப்படியே மெத்தை மேல மடிச்சுப் போட்டு மூடிட்டு நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்தோம். வந்தவுடனே விரிச்சுக் காய வைக்கணும், ரெண்டு நாளைக்கு மேல விட்டா போச்சு. ஆனா எங்க வீட்டு சங்கம், அதாங்க எச்ஓஏ, டிரைவ்வேல டிரெய்லர் நிறுத்த விடாது, மாசம் 70 டாலர் குடுத்து ஸ்டோரேஜ் லாட்ல வச்சிருக்கோம். செவ்வாய் ஆபீஸ் முடிச்சுட்டு போலாம்னா மறுபடி மழை. புதன் சாயங்காலம் போய் திறந்தா, பழைய ஊறுகாய் ஜாடில பூசணம் பூத்த மாதிரி மூலைல கருப்பு கருப்பா புள்ளி, மெத்தைல ஈரத்துணி வாடை. தேய்ச்சு தேய்ச்சு பாதி போச்சு, மீதி இன்னும் அங்கதான் இருக்கு. வீட்டுல விரிச்சுக் காய வைக்க இடம் இல்லாதவங்க இந்த ஒரு விஷயத்துக்காகவே யோசிங்க.

குளிரு, சூடு ரெண்டும் கேன்வாஸ் வழியா தாராளமா வந்து போகும். மே மாசம் போனப்ப ஹீட்டர் விடாம ஓடி 20 பவுண்ட் புரொபேன் சிலிண்டர் நாலு ராத்திரி கூட தாங்கல. ஜூலை மதியம் ஏசி ஓடினாலும் கோடி கட்டில்ல வேர்க்கும். வெளிப்பக்கம் போட்டு விடற வெள்ளி கலர் கவர் ஒண்ணு விக்கறாங்க, அது நிஜமாவே ரெண்டுக்கும் உதவுது, வாங்கிடுங்க. சத்தமும் அப்படித்தான். பத்து மணிக்கு மேல கேம்ப்கிரவுண்ட்ல சத்தம் கூடாது, அப்பா குறட்டை பக்கத்து சைட்டுக்குப் போனதுக்கு நாங்க என்ன பண்றது. மீனெல்லாம் வெளிய அடுப்பு வச்சு வறுங்க, ஒரு தடவை உள்ள வறுத்து அந்த வாசனை அடுத்த டிரிப் வரைக்கும் கேன்வாஸ்ல இருந்துச்சு.

தினம் ஒரு ஊர்னு ஓடற டிரிப்புக்கு இது லாயக்கில்ல. லெவல் பண்ணி, முட்டுக்கட்டை வச்சு, ரெண்டு பக்கமும் இறக்கி, கம்பி மாட்டி, எலாஸ்டிக் கயிறை ஒவ்வொண்ணா கொக்கில இழுத்து விடறதுக்கு எனக்கு இப்பவும் அரை மணி நேரம் ஆகுது. ஹைவே ரெஸ்ட் ஏரியால கொஞ்சம் தூங்கலாம்னா கட்டில் எல்லாம் மூடிக் கிடக்கும். ஒரே இடத்துல மூணு நாலு நாள் இருக்கறவங்களுக்கு ஓகே.

கரடி இருக்கற ஊருக்குப் போறவங்க புக் பண்றதுக்கு முன்னாடி விதியைப் படிச்சிடுங்க. யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க்ல ஃபிஷிங் பிரிட்ஜ்னு இந்த மாதிரி தங்கற வண்டி நிறுத்தற ஆர்வி பார்க்ல கெட்டி சுவரு வண்டி மட்டும்தான், கேன்வாஸ் இருந்தா இடம் கிடையாது. கனடால லேக் லூயிஸ்ல டென்ட், கேன்வாஸ் வண்டிக்குன்னே தனி கேம்ப்கிரவுண்ட், சுத்தி கரண்ட் வேலி போட்டிருக்காங்க. படுக்கறப்ப கரடிக்கும் நமக்கும் நடுவுல ஒரு துணிதான்னு என் பொண்டாட்டி இன்னும் சொல்லிட்டிருக்கா.

புதுசா வர்ற ஹைப்ரிட் மாடல் இப்ப ரொம்ப கம்மி, அதனால பழசுதான் மாட்டும். ராக்வுட் ரூ, ஷாம்ராக், ஜேகோ ஜே ஃபெதர்ல எக்ஸ்ல ஆரம்பிக்கற மாடல்னு தேடிப் பாருங்க. பார்க்கப் போறப்ப கட்டில் பலகை வந்து மூடற இடத்துல சுத்தி இருக்கற ரப்பரைப் பாருங்க, மழைத்தண்ணி உள்ள வர்ற வழியே அதுதான். அந்த மூலைல தரையைக் கட்டை விரலால அழுத்துங்க, மெத்துனு உள்ள போனா மரம் ஊறிப் போச்சு, எவ்ளோ குறைச்சாலும் வேணாம். ரெண்டு பக்கத்தையும் முழுசா விரிக்கச் சொல்லி, உள்ள ஏறி மூக்கை வச்சு மோந்து பாருங்க. "போன வாரம்தான் மூடி வச்சேன், திறந்தா நேரமாகும்"னு யாராவது சொன்னா அப்படியே காரைத் திருப்பிடுங்க.