நூரெம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் ஒரு மாலை

டிசம்பர் நெருங்கிவிட்டால் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தை கூடாத ஊரைக் காண்பது அரிது. நான் போய்வந்தவற்றுள் நூரெம்பெர்க்கின் ‘கிறிஸ்ட்கிண்டில்ஸ்மார்க்ட்’டை முதலில் வைப்பதற்குக் காரணம் அதன் வயது அன்று. 1628 என்று எழுதப்பட்ட ஒரு மரப்பெட்டி அந்த வயதுக்குச் சான்றாக இருக்கிறது என்றாலும், எதை உள்ளே விடக்கூடாது என்பதில் நகராட்சி காட்டும் கண்டிப்புதான் என்னைக் கவர்ந்தது. சந்தை கூடும் ஹௌப்ட்மார்க்ட் சதுக்கத்தில் பிளாஸ்டிக் தோரணத்துக்கும் ஒலிபெருக்கிப் பாட்டுக்கும் இடமில்லை. ராட்டினம்கூட அருகிலுள்ள சிறுவர் சந்தையோடு நின்றுவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கரை மணிக்குள் இருட்டிவிட்டது. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரையுடன் ஏறத்தாழ 180 மரக்கடைகள், 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த மாதா கோயிலின் முன் வரிசை கட்டி நின்றன. வாய் திறந்தால் புகை வரும் குளிரில், முதலில் பசியைக் கவனிப்பதே முறை. விரல் நீளமே உள்ள பன்றி இறைச்சி சாஸேஜ் மூன்றை அனலில் வாட்டி, ஓர் உருண்டை ரொட்டியைப் பிளந்து அதற்குள் அடுக்கித் தருகிறார்கள். ‘ட்ரை இம் வெக்லா’ என்று கேட்டால் போதும். மார்ஜோரம் என்னும் மூலிகை மணக்கும் அந்தச் சிறிய சாஸேஜுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உண்டு. புலால் உண்ணாதவர்கள் சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாமையும் சுட்ட கஷ்கொட்டையையும் நம்பியிருக்க வேண்டியதுதான்.

இந்த ஊரின் பெருமை லெப்கூகன் என்னும் மசாலா கேக். ஏலக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு நினைவுக்கு வந்தது, சொன்னால் ஜெர்மானியர்கள் மன்னிக்க மாட்டார்கள், கல்யாண வீட்டுப் பிரியாணி. கேக்கின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டத்தைக் காகிதம் என்றெண்ணி உரித்துவிடாதீர்கள். அது கோயிலில் தரும் நற்கருணை அப்பத்தைப் போன்ற மெல்லிய மாவுத் தகடு. வாங்கும்போது ‘எலிசன்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வகையில் கொட்டைப் பருப்பு குறைந்தது 25 விழுக்காடும், மாவு அதிகபட்சம் 10 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது விதி. நான் முதலில் ஒரு கடையில் தகரப்பெட்டியின் அழகில் மயங்கி, சொல்லைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன்; அறைக்கு வந்து திறந்தால் மாவுதான் வாயில் ஒட்டியது.

கைவினைப் பொருள்களில் ‘ஸ்வெட்ச்கன்மென்லே’ பொம்மைகளை அவசியம் பார்க்க வேண்டும். உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கைகால் அமைத்து, வால்நட் கொட்டையில் முகம் வரைந்து, துணி உடுத்தி நிறுத்துகிறார்கள். நான் எடுத்துப் பார்த்த மீன்காரியின் பழக்கைகளில் இருந்த சுருக்கம், உழைத்து மூத்த உண்மையான கைகளின் சுருக்கமாகவே தெரிந்தது. விலை சற்று அதிகம்தான், ஆனால் பேரம் பேச மனம் வரவில்லை.

குறை என்றால் கூட்டம். ஆறு மணிக்குமேல் நாமாக நடப்பதில்லை, நம்மை நகர்த்திக்கொண்டு போகிறார்கள். குழந்தை வண்டியோடு வந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. வார இறுதியைத் தவிர்த்து, பிற்பகல் மூன்றரைக்கே போய்விட்டால் பொருள்களை நின்று பார்க்கவும், விளக்கேற்றும் நேரத்தைத் தவறவிடாமல் இருக்கவும் முடியும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று தொடங்கும் சந்தை டிசம்பர் 24-ஆம் தேதியோடு முடிகிறது.

மசாலா சேர்த்துச் சூடாக்கிய சிவப்பு ஒயினைப் பீங்கான் குவளையில் தருகிறார்கள். மது வேண்டாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சூடான பழரசம் உண்டு. குவளைக்குத் தனியாக முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்ததும் தந்துவிடுவார்கள். நான் கொடுக்கவில்லை, இப்போது அதில்தான் காலைக் காபி.