தொழினுட்பப் பாட ஆசிரியராக வர எந்தப் பாதை? மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வீட்டுக்கு வீடு ஒரு பேச்சுத் தொடங்கும். "கல்வியியற் கல்லூரிக்குப் போடுவமா, கெம்பஸ் கிடைக்குமா, இல்லாட்டி டெக்கில ஒரு கோர்ஸ் செய்வமா?" தமிழோ கணிதமோ படிப்பிக்க விரும்புகிறவருக்கு இதற்குப் பதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. தொழினுட்பப் பாடம் படிப்பிக்க ஆசைப்படுகிற பிள்ளைதான் குழம்பிப்போகிறது. மூன்று இடத்திலும் தொழினுட்பம் என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே நடப்பதோ வேறு வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனம் நல்லது என்று பார்ப்பதற்கு முன், எந்த வகுப்புக்குப் படிப்பிக்கப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். தரம் 6 முதல் 11 வரை என்றால் கல்வியியற் கல்லூரி. 12, 13 என்றால் பட்டம். தொழினுட்பக் கல்லூரிச் சான்றிதழ் இரண்டுக்கும் நல்ல பக்கபலம், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பாடசாலை ஆசிரியராவது கடினம்.

ஏன் வகுப்பைப் பார்க்கச் சொல்கிறேன்? பாடங்களைப் பாருங்கள். தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்ற பாடம். சாதாரண தரத்துக்கு ஒரு பிள்ளை எடுக்கும் 9 பாடங்களில் 6 கட்டாயம், மீதி 3 தொகுதிக்கு ஒன்றாகத் தெரிவு செய்வது. அந்த மூன்றாம் தொகுதியில்தான் நமது பாடங்கள் இருக்கின்றன: வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் மின் இலத்திரனியல் தொழினுட்பவியலும். விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் அதே தொகுதிதான். உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013 இல் தொடங்கி, 2015 இல் முதல் அணி பரீட்சை எழுதியது. அங்கே பொறியியற் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், அதோடு தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், பிறகு இன்னொரு பாடம். பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஆணி அடிக்கக் காட்டிக்கொடுப்பதும், பதின்மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு பாரம் தாங்கும் ஒரு வளை ஏன் வளைகிறது என்று கணக்கோடு விளக்குவதும் வேறு வேறு வேலைகள். இரண்டுக்கும் ஒரே தயாரிப்புப் போதாது.

கல்வியியற் கல்லூரி

கல்முனை வீதியில் ஆரையம்பதி தாண்டினால் தாழங்குடாவில் மட்டக்களப்பு தேசிய கல்வியியற் கல்லூரி. அம்பாறை மாவட்டத்தவர்களுக்கு அட்டாளைச்சேனையில் இன்னொன்று. 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த இந்தக் கல்லூரிகளின் டிப்ளோமாவுக்கு மொத்தம் 3 ஆண்டுகள்: 2 ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பு, 1 ஆண்டு ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. மாதாந்தப் படி உண்டு, தங்குமிடம் உண்டு. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடநெறி, எந்த மொழி மூலம் என்பதெல்லாம் அந்தந்த ஆண்டு வர்த்தமானியில்தான் வரும். தாழங்குடா வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக அங்கே தொழினுட்பம் கிடைக்கும் என்று இருந்துவிடக் கூடாது. நீங்கள் கேட்கும் பாடநெறி வேறு மாவட்டத்துக் கல்லூரியில் இருந்தால் அங்கே போகத் தயாராக வேண்டும். வயது எல்லையையும் மற்ற நிபந்தனைகளையும் விண்ணப்பம் நிரப்ப முதல் ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள். அக்கம்பக்கத்தில் சொன்னதை நம்பித் தவறவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

இந்தப் பாதையின் உண்மையான பலம் அந்த மூன்றாவது ஆண்டில் இருக்கிறது. உள்ளகப் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கச்சியின் பத்தாம் ஆண்டு வகுப்பு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பையன் பலாப் பலகையில் சீவுளி போடுகிறான், பலகை செதில் செதிலாகப் பெயர்கிறது. அவன் இன்னும் பலமாக அழுத்துகிறான். அவள் சீவுளியை வாங்கவில்லை. பலகையின் பக்கவாட்டைக் காட்டி, "இந்த வரி எந்தப் பக்கம் ஏறிப்போகுது, பாருங்க" என்றாள். அவன் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தானாகவே பலகையைத் திருப்பி வைத்தான். அடுத்த தள்ளலில் சுருள் சுருளாகச் சீவல் வந்தது. எங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, எங்கே குறுக்கிடுவது என்கிற இந்த நிதானம் புத்தகத்தில் வராது. நாற்பது பிள்ளைகள், ஒன்பது உளி, கூர் போன ஒரு வாள் என்ற வகுப்பறையில் ஒரு முழு ஆண்டு நின்றால்தான் வரும். பட்டம் முடித்து நேரே வருகிறவருக்கு அந்த ஆண்டு கிடைப்பதில்லை.

பலவீனமும் அதே அளவு உண்மை. இரண்டு ஆண்டுக்குள் கல்வி உளவியல், கற்பித்தல் முறை, மதிப்பீடு, பொதுப் பாடங்கள் எல்லாம் போக, பட்டறையில் கை படும் நேரம் குறைந்துவிடுகிறது. மின் இலத்திரனியல் பாடத்தில் இது உடனே தெரியும். பற்றாசு வைத்த இடம் பளபளப்பாகப் படிந்திருக்க வேண்டும். மங்கலாக, உருண்டையாக நின்றால் உள்ளே இணைப்புப் பிடிக்கவில்லை. சுற்று வேலை செய்யாதபோது பல்மானியை எடுப்பதற்கு முன்பே அந்த உருண்டையைக் கண்ணால் பிடிக்கத் தெரிய வேண்டும். அதற்கு நூறு இணைப்பாவது வைத்துப் பழகிய கை வேண்டும். டிப்ளோமா முடித்தவர் எல்லாரிடமும் அந்தக் கை இருப்பதில்லை. மாமாவின் ரேடியோ திருத்தும் கடையில் நின்று பழகிய மாணவன் சில வேளை ஆசிரியரை விட முன்னே நிற்கிறான்.

இன்னொரு விஷயம் நியமனம். டிப்ளோமா முடித்தால் ஆசிரியர் சேவைக்குள் நேரே வழி இருக்கிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் முதல் நியமனம் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். கிழக்கில் படித்தவர்களுக்கு வெளி மாகாணத்தில் நியமனம் போட்டுப் பிரச்சினையான ஆண்டுகளும் உண்டு. மாவட்டத்துக்குள்ளே கிடைத்தாலும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம்தான் அதிக வாய்ப்பு. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலை போய்வருவது எவ்வளவோ லேசு. அதற்கும் உள்ளே போனால் இன்றும் பஸ்ஸைப் பார்த்துத்தான் நேரசூசி. அந்தப் பாடசாலைகளுக்கு ஒரு நல்ல தொழினுட்ப ஆசிரியர் போவது எத்தனை பிள்ளைகளின் பாதையை மாற்றும் என்பதைப் பார்த்தவன் என்பதால், இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

பட்டம்

உயர்தரத்துக்குப் படிப்பிக்க வேண்டும் என்றால் பட்டம் தேவை. பொறியியற் தொழினுட்பவியல் என்ற ஒரே பாடத்துக்குள் கட்டடம், மின், இயந்திரம் மூன்றும் இருக்கின்றன. கல்வியியற் கல்லூரியில் படித்ததை வைத்து அந்த ஆழத்துக்கு இறங்குவது கஷ்டம்.

இங்கே நமது இரண்டு மாவட்டத்துக்கும் உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் கிட்டத்தான். ஆனால் அதன் முகம் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பக்கம். விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும், உயர்தர உயிர்முறைமைகள் என்றால் அது நேர்ப் பொருத்தம். வயலும் கடலும் பாற்பண்ணையும் உள்ள அம்பாறையில் அந்த ஆசிரியருக்கு வேலை நிறைய. மரமும் உலோகமும் மின்சுற்றும்தான் உங்கள் ஆசை என்றால் பொறியியற் தொழினுட்பவியல் பட்டம் தேட வேண்டும். அதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி தொழினுட்ப பீடம் அல்லது தெற்கே உள்ள பல்கலைக்கழகங்கள். கிட்ட இருக்கிறது என்பதற்காக ஒலுவிலைத் தெரிவு செய்துவிட்டுப் பிறகு இயந்திரப் பாடம் படிப்பிக்க ஆசைப்பட்டால் நியமனத்தில் பாடப் பொருத்தம் இடிக்கும்.

அனுமதியில் மட்டும் நமக்கு ஒரு கை கூட. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கொஞ்சம் குறைவு என்று விண்ணப்பிக்காமலே விடுவது பிழை.

பட்டம் 4 ஆண்டு, படிப்பு ஆங்கிலத்தில். முதல் வருடம் தமிழ் மூலப் பிள்ளை மூச்சுத் திணறத்தான் செய்யும். இரண்டாம் வருடத்தில் பெரும்பாலானவர்கள் நிமிர்ந்துவிடுகிறார்கள். அதை விடப் பெரிய கவலை பட்டத்துக்குப் பிறகு வரும் காத்திருப்பு. 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்கா முன்னால் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்த சத்தியாக்கிரகத்தை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆசிரியர் வெற்றிடத்துக்கு அறிவித்தல் வர வேண்டும், போட்டிப் பரீட்சை, நேர்முகம் எல்லாம் தாண்ட வேண்டும். தொழினுட்பப் பட்டதாரிக்குக் கலைப் பட்டதாரியை விட வரிசை குறுகியது என்பது என் எண்ணம். ஆனாலும் திகதி உங்கள் கையில் இல்லை.

நியமனம் கிடைத்த பிறகு பட்டதாரி சற்று மேலான படியில் சேவைக்குள் வருகிறார். ஆனால் வகுப்பறை அனுபவம் பூச்சியம். அதற்குத்தான் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருப்பதால் வேலை பார்த்துக்கொண்டே அதைச் செய்ய முடியும். அதைப் பதவியுயர்வுக்கான ஒரு தாளாக மட்டும் பார்க்கிற பட்டதாரிகளைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பாடசாலைகளில் மகிந்தோதய ஆய்வுகூடங்களும் தொழினுட்பக் கட்டடங்களும் வந்தன. உபகரணம் பெட்டியோடு இருக்கிற இடங்களும் உண்டு. பெட்டியைப் பிரித்து, பிள்ளைகளைக் குழுவாக்கி, ஒரு பாடவேளைக்குள் வேலையை முடித்து, சாமானை எண்ணி உள்ளே வைக்கத் தெரிந்தவர் வேண்டும். அது பொறியியல் அறிவால் மட்டும் வருவதில்லை.

தொழினுட்பக் கல்லூரி

மஞ்சந்தொடுவாய் தொழினுட்பக் கல்லூரியும் சம்மாந்துறையில் உள்ளதும் கைக்குத் தரும் பழக்கத்தை மற்ற இரண்டு இடமும் தருவதில்லை. தேசிய தொழிற்றகைமையில் 4 ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். அந்த ஏழாம் மட்டத்துக்கு இரத்மலானையில் தொழினுட்பவியல் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2008 இல் சட்டமானது. ஆகவே ஏணி மேல் வரை உண்டு, ஏற ஆண்டுகள் பிடிக்கும். இந்தப் பக்கம் போகிறவர் பாடசாலை ஆசிரியராவதை விடப் பயிற்சி நிலையங்களில் போதனாசிரியராவதே நடைமுறையில் அதிகம். அதுவும் நல்ல தொழில்தான். இதற்குப் பாடசாலைப் பக்கம் ஒரு கதவு 2017 இல் திறந்தது: 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி. அதில் தொழிற்பாடங்கள் உண்டு, தொழிற்றகைமையை நோக்கித்தான் பிள்ளையும் போகிறது. அங்கே கைப்பழக்கம் உள்ளவருக்கு மதிப்பு அதிகம்.

ஆசிரியர் கலாசாலையையும் சிலர் இதே வரிசையில் கேட்கிறார்கள். அது ஏற்கெனவே நியமனம் பெற்ற, பயிற்சி இல்லாத ஆசிரியர்களுக்கு. பாடசாலை முடித்த பிள்ளை அதை நினைக்க வேண்டியதில்லை.

யாருக்கு எது

குடும்பம் மூன்று ஆண்டுக்கு மேல் தாங்காது என்றால் யோசிக்காமல் கல்வியியற் கல்லூரி. சேவைக்குள் வந்த பிறகு தேசிய கல்வி நிறுவகத்தின் கல்விமாணி மூலம் பட்டத்துக்கும் போகலாம், அந்தக் கதவு அடைபடுவதில்லை. இசட் புள்ளி கை கொடுத்து, விஞ்ஞானமும் கணக்கும் பிடித்து, வீட்டில் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க முடிந்தால் பட்டம். இரண்டிலும் கால் வைத்து இரண்டையும் தவறவிட்டவர்கள் உண்டு: கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது கெம்பஸ் வரும் என்று விட்டுவிட்டு, வெட்டுப்புள்ளி வந்ததும் தலையில் கை வைத்தவர்கள். பல்கலைக்கழகப் பெயர் கடிதத்தில் வரும் வரை கையில் உள்ளதை விடாதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. "மின்சாரமும் இயந்திரமும் பொம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு, மனைப்பொருளியல் எடுக்கட்டும்" என்று சொல்லும் வாப்பாமாரையும் அப்பாமாரையும் இன்றும் காண்கிறேன். மேலே சொன்ன சீவுளி வகுப்பை நடத்தியது ஒரு பெண். அந்த வகுப்பில் இருந்த பெண் பிள்ளைகள் அன்று உளியை எடுத்த விதமே வேறு. இரண்டு மாவட்டத்துப் பாடசாலைகளுக்கும் அப்படிப்பட்டவர்கள் இன்னும் நிறையத் தேவை. தயவுசெய்து மறிக்காதீர்கள்.

கடைசியாக, உயர்தரம் எழுதிய பிறகு பெறுபேறு வரும் வரை, அதன் பிறகு அழைப்பு வரும் வரை மாதங்கள் சும்மா போகின்றன. அந்த மாதங்களில் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மரவேலையோ மின்னிணைப்போ ஒரு மட்டம் முடியுங்கள். முடியாவிட்டால் ஊரில் உள்ள ஓடாவியிடமோ மோட்டார் கட்டும் கடையிலோ கேட்டு நில்லுங்கள். சம்பளம் கேட்காமல் வேலை பழக வருகிற பிள்ளையை அவர்கள் திருப்பி அனுப்புவது குறைவு. நேர்முகத்தில் "என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்டால், செய்த ஒரு முக்காலியின் படத்தையாவது எடுத்துக் காட்டலாம்.