தழும்புக்குப் பட்டையா, ஊசியா, கத்தியா?

மருந்துக் கடையில் போய் "தழும்பு போக ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் ஒரு களிம்பு நிச்சயம் கைக்கு வரும். மேடான தழும்பா, பள்ளமான தழும்பா என்ற கேள்வி மட்டும் வராது. மேட்டில், தோலுக்கு உறுதி தரும் நார்ப்புரதமான கொலாஜன் மிதமிஞ்சிக் கிடக்கிறது, பள்ளத்தில் போதாமல் கிடக்கிறது. ஒன்றைக் கரைக்க வேண்டும், இன்னொன்றை வளர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே டியூப் செய்யும் என்று அட்டையில் அச்சடித்திருந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

தோலின் நடு அடுக்கில், நீரைக் கழித்து எடைபோட்டால் முக்கால் பங்கு கொலாஜன்தான். எலாஸ்டின் நார் வெறும் 2 முதல் 4 சதவீதம். ஆனால் கிள்ளி இழுத்த தோலை மறுபடி பழைய இடத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பது அந்தச் சிறுபான்மைதான். நல்ல தோலில் கொலாஜன் கற்றைகள் கூடை முடைந்ததுபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். காயம் பட்டால் உடலுக்கு அவசரம். மூன்றாம் வகைக் கொலாஜனைக் கொட்டி முதலில் ஓட்டையை அடைக்கிறது, பிறகு மாதக்கணக்கில் அதை எடுத்துவிட்டு உறுதியான முதலாம் வகையை வைக்கிறது. அப்போதும் கூடைப் பின்னல் திரும்புவதில்லை. கற்றைகள் அடுக்கிய விறகுபோல ஒரே திசையில், தோல் பரப்புக்கு இணையாகக் கிடக்கும். எலாஸ்டின் முதல் சில மாதங்கள் தலைகாட்டவே காட்டாது. வந்தாலும் மெலிந்து, ஒழுங்கில்லாமல் வரும். தழும்பின் வலு 3 வாரத்தில் நல்ல தோலில் கால் பங்கைத் தொடும், 3 மாதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம். அதற்கு மேல் ஏறாது.

ஆகவே கீழே வரும் எந்த வழியும் தழும்பை அழிக்காது. தட்டையாக்கும், மென்மையாக்கும், அரிப்பைக் குறைக்கும்.

மேடான தழும்பிலும் இரண்டு ஜாதி. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது தடித்த தழும்பு. காயம் ஆறி 4 முதல் 8 வாரத்தில் எழும்பும், சில மாதம் வளரும், பிறகு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். எல்லையைத் தாண்டிப் பக்கத்து நல்ல தோலுக்குள் நண்டுக்கால் நீட்டுவது கெலாய்டு. பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரை எடுத்தார். காது குத்திய ஓட்டை, நெஞ்சுக்குழி, தோள்பட்டை, மேல்கையில் தடுப்பூசி போட்ட இடம் என அது விரும்பும் இடங்கள் உண்டு. காயம் ஆறிப் பல மாதம், ஏன், சில வருடம் கழித்துக்கூடக் கிளம்பும். தானாக அடங்குவது அபூர்வம். எந்தச் சிகிச்சை என்ற தேர்வு இந்த வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது.

பட்டை, ஜெல், காகித டேப்

தையல் பிரித்து, காயம் முழுதும் மூடிய பிறகு, ஏறக்குறைய இரண்டாம் வாரத்திலிருந்து இவற்றின் காலம். சிலிக்கோன் பட்டை தோலுக்குள் எதையும் அனுப்புவதில்லை. மேல்தோலில் ஈரம் தப்பாமல் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். ஈரம் போதுமானதாக இருந்தால் மேல்தோல் செல்கள் கீழே இருக்கும் நார்ச்செல்களுக்கு "இன்னும் கொலாஜன் நெய்" என்ற சைகையை அனுப்புவது குறைகிறது. இதற்கு நாளுக்கு 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், குறைந்தது 2 முதல் 3 மாதம். இரவில் மட்டும் 6 மணி நேரம் ஒட்டிவிட்டு "பலனில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

நம் ஊர் வெயிலில் பட்டைக்கு ஒரு பெரிய எதிரி வியர்வை. அடியில் தேங்கினால் வேர்க்குரு வரும், தோல் ஊறி வெளுக்கும். முதல் வாரம் 4 மணி நேரத்தில் தொடங்கி மெல்ல நீட்டுவது, தினமும் பட்டையையும் தோலையும் மிதமான சோப்பில் கழுவி உலர்த்துவது, இரண்டும் கட்டாயம். முகத்துக்கும் மூட்டுக்கும் பட்டை நிற்காது, அங்கே ஜெல். மெல்லிய பூச்சாக நாளுக்கு இரண்டு வேளை, காய 4-5 நிமிடம். தடிமனாகப் பூசினால் காயாமல் சட்டையில் போய்விடும்.

விலை குறைந்த மூன்றாவது ஆள், கட்டுப் போடப் பயன்படும் காகித டேப். தையல் கோட்டின் மேலேயே நீளவாட்டில் ஒட்டி, தானாக உரியும்வரை விட்டு, மறுபடி புதிதாக ஒட்டி, 3 மாதம் தொடர வேண்டும். இது செய்யும் வேலை இழுவிசையைக் குறைப்பது. இழுக்கப்படும் காயத்தில் நார்ச்செல்கள் கூடுதலாகக் கொலாஜன் நெய்கின்றன. சிசேரியன் தழும்பைப் போன்ற நேரான, புதிய கோட்டுக்குக் கையில் காசு குறைவென்றால் தயங்காமல் டேப்பில் தொடங்கலாம். ஆனால் ஏற்கெனவே வளர்ந்து கெட்டியான கெலாய்டுக்கு இந்த மூன்றும் தனியாகப் போதாது. அங்கே ஒரு வருடம் பட்டை ஒட்டுவது வீண் செலவு.

வைட்டமின் ஈ காப்ஸ்யூலைக் கிள்ளிப் பூசுவது இந்தப் போட்டியிலேயே இல்லை. பலன் நிரூபணமாகவில்லை, பலருக்கு ஒவ்வாமைத் தடிப்புதான் மிச்சம்.

ஊசியா, கத்தியா

கெலாய்டு என்றாலே வெட்டி எடுத்துவிடலாம் என்று தோன்றும். தனியாக வெட்டினால் திரும்பி வரும் வாய்ப்பு 45 முதல் 100 சதவீதம் வரை. வந்தால் பழையதைவிடப் பெரிதாக வரக்கூடும். வெட்டிய இடம் உடலைப் பொறுத்தவரை இன்னொரு காயம், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வாய்ப்பு ஊசிக்கு. டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கிறது, இருப்பதை அறுக்கும் நொதிக்கு இருக்கும் தடையையும் தளர்த்துகிறது. மி.லி.க்கு 10 முதல் 40 மி.கி.; மெல்லிய தழும்புக்கும் முகத்துக்கும் குறைந்த அளவு, பருத்த கெலாய்டுக்கு 40. 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை.

ஊசி போடும் விதத்தில்தான் பாதி வெற்றி. மருந்து கரைசல் அல்ல, மிதக்கும் துகள். குலுக்காமல் ஏற்றினால் சத்து குப்பியின் அடியிலேயே தங்கிவிடும். முதல் தடவை கெலாய்டு கட்டைபோல இருக்கும், பிஸ்டன் நகராது. அழுத்தினால் ஊசி கழன்று மருந்து முகத்தில் தெறிக்கும். அதற்காகவே திருகிப் பூட்டும் 1 மி.லி. சிரிஞ்ச். திரவ நைட்ரஜனை லேசாகத் தெளித்து, 10-15 நிமிடம் வீங்கவிட்டுப் போட்டால் எளிதாக ஏறும். சரியான இடத்தில் இறங்கினால் தழும்பு கண்முன்னே வெளுக்கும். எதிர்ப்பே இல்லாமல் சட்டென்று இறங்கினால் ஊசி கொழுப்பில் போய்விட்டது என்று பொருள். அங்கே மருந்து விழுந்தால் சில வாரத்தில் குழி விழும். சுற்றியுள்ள நல்ல தோலில் கசிந்தால் வெள்ளைத் திட்டு, சிவந்த ரத்த நாளக்கோடுகள். நீரிழிவு உள்ளவருக்குச் சில நாள் சர்க்கரை ஏறலாம், மாதவிலக்கு தள்ளிப்போகலாம். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்று நான்கு தடவை போட்டும் அசையவில்லை என்றால் அதே மருந்தைத் தொடர்வதில் அர்த்தமில்லை. புற்றுநோய்க்கும் பயன்படும் 5-ஃப்ளூரோயூராசில் 50 மி.கி./மி.லி. 0.9 மி.லி.யோடு டிரையம்சினலோன் 40 மி.கி./மி.லி. 0.1 மி.லி. கலந்து போடுவது அடுத்த படி. எரிச்சல் அதிகம், சிலருக்குப் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. ஆழமாக உறைய வைக்கும் சிகிச்சை கெலாய்டைச் சுருக்கும்தான். ஆனால் நிறமிச் செல்கள் மைனஸ் 4 முதல் மைனஸ் 7 டிகிரி செல்சியஸிலேயே செத்துவிடும், கொலாஜன் நெய்யும் செல்கள் அதைத் தாண்டியும் தாங்கும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது மேட்டை எடுத்து வெள்ளைத் தழும்பைக் கொடுக்கும் பேரம்.

கத்தி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. காதுமடலில் தோலுக்கு இழுவிசை குறைவு, அதனால் வெட்டிய கையோடு விளிம்பில் ஊசியும், பிறகு 6 மாதமாவது அழுத்தக் கிளிப்பும் சேர்ந்தால் நல்ல பலன். கிளிப் போட்ட இடம் வெளுத்து வலித்தால் திருகைத் தளர்த்த வேண்டும். இறுக்கமே பலன் என்று விட்டால் மடல் அழுகும். நெஞ்சுக்குழி நேர்மாறு: மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் இழுபடும் இடம். அங்கே வெட்டுவது கடைசி வழி. வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கும் ஏற்பாட்டோடு வெட்ட வேண்டும்.

இழுவிசையின் திசையை 1861இல் வியன்னாவில் உடற்கூறியலாளர் லாங்கர் வரைபடமாக்கினார். வட்ட முனையால் சடலத்தில் குத்திய ஓட்டைகள் வட்டமாக நிற்காமல் கண்போல நீண்டன. அந்தத் திசைகளைச் சேர்த்தால் கோடுகள். அடிவயிற்றில் குறுக்காகப் போட்ட வெட்டு அழகாக ஆறுவதும், நடுவில் நெட்டாகப் போட்டது அகன்று தடிப்பதும் இதனால்தான். தீக்காயத் தழும்பு முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டால் களிம்பும் ஊசியும் போதாது. 60 டிகிரி கோணத்தில் இசட் வடிவில் வெட்டி மாற்றித் தைத்தால் கணக்குப்படி நீளம் 75 சதவீதம் கூடும். சாதாரணத் தடித்த தழும்பென்றால் ஒரு வருடம் பொறுங்கள்; பாதி தானே அமுங்கிவிடும்.

பள்ளத்துக்கு

பருவால் விழுந்த குழிகளில் வேண்டியது புதுக் கொலாஜன். கொலாஜன் பொடியைக் கலக்கிக் குடித்தால் வயிறு அதைப் பருப்பைப் போலவே செரித்துத் துண்டாக்கும். குழியின் முகவரி அந்தத் துண்டுகளுக்குத் தெரியாது. தோலில் நுண்ணிய துளைகள் இடும் 1.5 முதல் 2.5 மி.மீ. நுண்ணூசியா, கார்பன் டை ஆக்சைடு லேசரா என்றால் நம் நிறத்துக்கு முதல் வாய்ப்பை நுண்ணூசிக்கே தரலாம். மேல்தோலைச் சுடாததால் கருமை படர்வது குறைவு. ஒரு மாத இடைவெளியில் 3 முதல் 6 தடவை. லேசர் ஆழமாக வேலை செய்யும், ஆனால் வெயிலில் அலையும் வேலைக்காரருக்குக் கருமை நிச்சயத் தொல்லை. அலைபோல இறங்கிய குழியை அடியில் பிடித்து இழுப்பது நார்க்கட்டு. அதை ஊசி முனையால் அறுத்துவிடாமல் மேலே எது செய்தாலும் ஏறாது. ஆணி குத்தியதுபோலக் குறுகி ஆழமான குழிக்கு நுண்ணூசி, லேசர் இரண்டுமே எட்டாது. அதற்கு 70 முதல் 100 சதவீத டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைக் குச்சி முனையில் தொட்டு, குழிக்குள் மட்டும் வைத்து, வெள்ளையாக உறையும்வரை பார்க்க வேண்டும். ஒரு துளி வழிந்தால் புதுத் தழும்பு. ஆன்லைனில் பாட்டில் கிடைக்கிறது என்பதற்காகக் கண்ணாடி முன் நின்று செய்யும் வேலை அல்ல.