முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு: வைஃபையா, கேபிளா?

பாளையங்கோட்டையில் எங்களுடையது பழைய காரை வீடு. தெருவாசலிலிருந்து அடுக்களை வரை ரயில் பெட்டி மாதிரி நீளும். நெட்டைப் பகிர்ந்து தரும் ரௌட்டரும் என் கணினியும் முன்கட்டில், தம்பியின் கணினி பின்கட்டில். அங்கே நெட்டைக் கொண்டுபோக வேண்டும்.

வைஃபைக்குத் தனிச் செலவு இல்லை. சிக்கல் சுவர்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, ஆனால் தடித்த சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் துவண்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டிவிடும், வேகம் குறைவு, அக்கம்பக்கத்து ரௌட்டர்களின் குறுக்கீடு வேறு. "அண்ணே, நெட்டு போச்சு" என்று பின்கட்டிலிருந்து சத்தம் வராத நாளில்லை.

கேட் 5இ (Cat 5e) என்ற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் (1000 மெகாபிட்) கொண்டுபோகும். எங்களுக்கு 20 மீட்டரே தாராளம். உத்திரத்தை ஒட்டி கிளிப் அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கரண்ட் வயரோடு சேர்த்து இழுக்கக் கூடாது, எலி போகும் வழியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. கேபிளுக்குள் இருக்கும் எட்டு கம்பி இழைகளில் ஒன்று முனையில் சரியாகப் பதியவில்லை. நுனியை வெட்டி மறுபடி போட்டதும் சரியாயிற்று.

ஒரு கணினி வழியாக இன்னொன்றுக்கு நெட்டைப் பகிரும் வசதி விண்டோஸிலேயே உண்டு. ஆனால் நான் கணினியை அணைத்தால் அவனுக்கும் போய்விடும், அந்தச் சண்டை வேண்டாம்.

நகராத மேசைக் கணினிக்கு என் ஓட்டு கேபிளுக்குத்தான். சின்ன வாடகை வீடென்றால் ஆணியடிக்க வீட்டுக்காரரிடம் கேட்டு நிற்பதைவிட வைஃபையே மேல். ஐப்பசி இடி தொடங்கினால் மட்டும் கேபிளைக் கழற்றிவிடுகிறோம்.