தரைக்கு மேலே நிற்கும் நீச்சல்குளம்: பல பனிக்காலங்களுக்குப் பிறகு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துப் பின்வளவுகளில் பரவலாக இருக்கும் 18 அடி வட்டக் குளம், 48 அங்குல இரும்புத் தகட்டுச் சுவர், தண்ணீரைத் தாங்கும் உள்விரிப்பாக வினைல் லைனர். கொள்ளளவு சுமார் 28,000 லிட்டர். பல பனிக்காலம் பார்த்தபின் உறுதியாகச் சொல்லலாம்: இந்தக் குளங்களை அழிப்பது குளிரைவிட, செப்டம்பரில் அடைக்காமல் விட்ட கசிவுதான்.

பனிக்காலத்துக்குக் குளத்தை மூடும் கவரையும் அதன்மேல் விழும் பனியையும் கீழிருந்து தாங்குவது தண்ணீர். மட்டம் இறங்கினால் ஐஸ் பாளம் அந்தரத்தில் தொங்கி லைனரை இழுத்துக் கிழிக்கும். கவரின் பாரம் மேல்விளிம்பை உள்ளே வளைக்கும்.

கசிவை முதலில் ஸ்கிம்மரில், அதாவது மேல்மட்டத் தண்ணீரைப் பம்புக்கு இழுக்கும் சுவர் வாயில், தேடுங்கள். அதன் கீழே வெளிச்சுவரில் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் காஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. பம்பை நிறுத்தி, தண்ணீர் அசையாதபோது ஸ்கிம்மர் முகப்பின் மூலையருகே ஒரு சொட்டு கேசரிக் கலர் விடுங்கள். ஓட்டை இருந்தால் சிவப்பு கலையாமல், நூலாக நீண்டு அதற்குள் போகும்.

மட்டத்தை ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறக்கி, முகப்பைக் கழற்றி, காஸ்கெட்டுகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி கசியும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும். திருகுகளைக் கையாலேயே, எதிரெதிராக முடுக்குங்கள். மின் டிரில் முகப்பைப் பிளந்துவிடும். சுவரின் அடியோரத்தில் ஸ்குரூடிரைவர் நுனி உள்ளே இறங்கினால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை, அந்தச் சுவர் முடிந்தது.

லைனர் கிழிசலுக்குத் தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் வினைல் பேட்ச் போதும். கிழிசலைச் சுற்றி 5 செ.மீ. கூடுதலாக, வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலைதான் முதலில் உரியும். நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்தி, ஒரு நாள் தொடாமல் விடுங்கள். குளிர்ந்த வினைல் விறைக்கும், அதனால் இந்த வேலையை அக்டோபருக்குத் தள்ளாதீர்கள். இதற்காகக் குளத்தை முழுக்க வடிக்கவும் வேண்டாம். பழைய லைனர் சுருங்கிவிடும், திரும்ப நிரப்பும்போது கிழியும். வெற்றுச் சுவரைக் காற்றே மடக்கிவிடும்.

தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே வந்தபின் மூடலாம். பிஎச் 7.2 முதல் 7.6. ஷாக் குளோரினை (ஒரேயடியாகப் போடும் அதிக அளவு குளோரின்) சில நாள் முன்னதாகவும் பாசிக்கொல்லியைக் கடைசியிலும் போடுங்கள். அதிகக் குளோரின் பாசிக்கொல்லியைச் சிதைக்கும். மட்டம் ஸ்கிம்மர் வாய்க்கு 10 செ.மீ. கீழே. வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் வாயான ரிட்டர்னுக்கு அடைப்பான். குழாய்களைக் கழற்றி, பம்ப், ஃபில்டர் இரண்டின் வடிகால் திருகுகளையும் திறந்து வடியுங்கள். திருகுகளைப் பம்பின் கூடைக்குள்ளேயே போட்டுவைத்தால் மே மாதம் தேட வேண்டாம்.

கவரின் கீழே நடுவில் 4 அடிக்கு 4 அடி காற்றுத் தலையணை. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும், அந்த அழுத்தம் சுவருக்குப் போகாமல் தலையணை நசுங்கிக்கொடுக்கும். பாதிக்குச் சற்று மேல் ஊதினால் போதும். விம்ம ஊதினால் வெடிக்கும். கவரைக் கேபிளும் அதைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் கொண்டு இறுக்குங்கள். மேல்விளிம்பில் கல்லோ தண்ணீர்ப் பையோ வைக்க வேண்டாம்.

மழைத் தண்ணீரைக் கவர் பம்பால் இறைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கவரில் ஊசித்துளை இருந்தாலும் பம்ப் குளத்துத் தண்ணீரைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். இறைக்க இறைக்கக் கவரின்மேல் தண்ணீர் குறையவில்லையா, உடனே நிறுத்திவிடுங்கள்.