ஏற்காட்டு மழைக் கணக்கு: தரவுத் தளமா, தகவல் மனுவா?

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் காப்பி வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும், மார்ச், ஏப்ரலில் விழுந்து செடியைப் பூக்க வைக்கும் பூ மழை தவறினால் அந்த வருஷ விளைச்சலே ஆட்டம் கண்டுவிடும். சரி, கடந்த பத்து வருஷத்தில் அந்த மழை எந்தத் தேதியில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று எங்கே போய்ப் பார்ப்பது?

அரசுத் தரவுகளை எல்லோரும் எடுக்கும்படி வைக்கிற மத்திய அரசின் டேட்டா.கவ்.இன் தளம் 2012இல் வந்தது. அமெரிக்கா 2009இலும் பிரிட்டன் 2010இலும் இப்படித் தொடங்கியிருந்தன. மனு, கட்டணம், காத்திருப்பு எதுவும் கிடையாது, எடுத்ததை யாரும் பயன்படுத்தலாம் என்று 2017இல் உரிமமும் கொடுத்துவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே பலரும் எடுத்தாளும் மழை அட்டவணையைத் திறந்து பாருங்கள்: 1901இல் இருந்து மாதவாரியாக இருக்கிறது, தமிழ்நாட்டுக்கோ வருஷத்துக்கு ஒரே ஒரு வரி. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காடும் கடலோர ராமநாதபுரமும் அந்த ஒரே எண்ணுக்குள் கரைந்துபோகின்றன. நூறு வருஷப் போக்கை ஆராய்பவருக்கு அது பொக்கிஷம், தோட்டக்காரருக்கு ஒன்றும் உதவாது.

2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இதற்கு நேர் எதிர். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "ஏற்காடு மழைமானி, தினசரி அளவு, இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை" என்று குறிப்பாகக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பொத்தாம் பொதுவாக "மழை விவரம்" என்று எழுதினால் பதிலும் அப்படித்தான் வரும். பெரும்பாலும் கைக்கு வருவது ஜெராக்ஸ் கட்டு. அதைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அப்புறம் அது ஒருவர் வீட்டு பீரோவிலேயே கிடக்கும். அடுத்த தோட்டக்காரர் மறுபடி மனு போட வேண்டும்.

 

என் ஓட்டு இப்போதைக்கு மனுவுக்குத்தான். ஆனால் கணினியில் இருப்பதை மின்னணு வடிவிலேயே கேட்க பிரிவு 2(ஜே) உரிமை தருகிறது, அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். வந்த கோப்பை நாலு பேர் எடுக்கிற மாதிரி இணையத்தில் போடுங்கள். மக்கள் மனு போடும் தேவையே குறையும்படி அரசு தானாக வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. மழை பெய்த மறுநாள் பத்திரிகைக்கு ஏற்காடு இத்தனை, ஓமலூர் இத்தனை, ஆத்தூர் இத்தனை என்று போகிறதே, அந்தப் பட்டியலை வருஷ வாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வெளியிடச் சொல்லித்தான் அடுத்த மனுவை எழுத வேண்டும்.