பேப்பர் தீர்ந்தால் சொல்லாத பிரிண்டர்

கொடுங்கையூரில் புதுசாகக் கடை போடப் போகிற தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, உன் கடைல இருக்கே அந்த பிரிண்டர், ஆன்லைன்ல மூவாயிரம் குறைச்சிருக்கான். எடுக்கலாமா, வேணாமா?" அன்றைக்குக் காலையில்தான் அதே பிரிண்டருக்கு பேப்பர் இழுக்கிற ரோலர் மாற்றி 650 ரூபாய் கொடுத்திருந்தேன். அந்தச் சூட்டில் "வேணாம்டா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் ரோலர் மேல் எனக்குக் கோபமே இல்லை. 1,12,000 பக்கம் இழுத்த ரப்பர் தேயாமல் என்ன செய்யும்? கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

தண்டையார்பேட்டையில் எட்டடிக்குப் பத்தடி ஜெராக்ஸ் கடை என்னுடையது. மெஷின் 2021-ல் வாங்கியது. பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் உண்டு. விண்டோஸை விட்டு லினக்ஸ் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நான் மாறியது கொள்கைக்காக இல்லை, பென் டிரைவுக்காக. பரீட்சை சீசனில் நாளைக்கு முப்பது பேர் பென் டிரைவ் நீட்டுவார்கள், பாதியில் ஷார்ட்கட் வைரஸ் இருக்கும். விண்டோஸ் வைத்திருந்தபோது மாதம் ஒரு ஃபார்மேட். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு போட்ட பிறகு அந்தத் தொல்லை விட்டது. எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிய பென் டிரைவைச் செருகி, உள்ளே ஒளிந்திருக்கிற நிஜ ஃபைலை எடுத்துக் கொடுத்தால் காலேஜ் பிள்ளைகள் என்னை மந்திரவாதி மாதிரி பார்க்கும்.

மெஷினைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்து இன்னும் கருகருவென்று விழுகிறது. டோனர் ரீஃபில் 350 ரூபாய்க்கு முடிகிறது. வாசலில் நாள் முழுக்கக் கண்டெய்னர் லாரி ஓடி, மேஜை மேல் விரல் வைத்தால் கோடு விழுகிற தெரு இது. இந்தத் தூசியில் நாலு வருஷம் ஓடி டிரம்மை ஒரே ஒரு தடவைதான் மாற்றியிருக்கிறேன்.

இனி வயிற்றெரிச்சல். இடமில்லாததால் பிரிண்டர் மாடிப்படிக்கு அடியில், துணித் திரைக்குப் பின்னால் இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால், கஸ்டமர் பக்கம். இருபது பக்கம் கொடுப்பேன். ஒன்பதாவது பக்கத்தில் பேப்பர் தீர்ந்துபோகும், இல்லையென்றால் சிக்கும். விண்டோஸாக இருந்தால் திரையில் ஒரு கட்டம் வந்து சொல்லிவிடும். என் திரையிலோ "முடிந்தது" என்று இருக்கும். கம்ப்யூட்டர் தன் பங்கை அனுப்பிவிட்டது, அதோடு அதற்குக் கணக்கு முடிந்தது. நான் காசு வாங்கி, மிச்சம் கொடுத்து, பின்னால் போய்ப் பார்த்தால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். "இன்னாண்ணா, இன்னும் வரலியா?" நாலு வருஷமாக இதே பாட்டு.

இது மெஷினின் குறை இல்லை. பேப்பர் தீர்ந்தது அதற்குத் தெரியும், சொல்லவும் தெரியும். அதைக் கேட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டிய மென்பொருள், அதாவது டிரைவர்தான் ஊமை. விலை குறைந்த லேசர் பிரிண்டர் பலவற்றில் மூளை கம்மி. பக்கத்தைப் புள்ளி புள்ளியாக வரைகிற வேலை முழுக்கக் கம்ப்யூட்டருடையது. அந்தப் புள்ளிகளை எந்தப் பாஷையில் அனுப்ப வேண்டும், பதிலை எப்படிப் படிக்க வேண்டும் என்பது கம்பெனி ரகசியம். என் கம்பெனி லினக்ஸுக்கென்று ஒரு டிரைவர் கொடுத்திருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பழைய 32 பிட் முறையில் கட்டி, மூட்டையாகக் கொடுத்து, மறந்துபோன டிரைவர். உபுண்டுவின் 22.04 பதிப்புக்குப் போனபோது "ஃபில்டர் ஃபெயில்டு" என்று நின்றது. 32 பிட் லைப்ரரிகளைத் தேடிப் போட்டதும் ஓடியது. ஸ்கேனர் ஃபைலை இன்ஸ்டாலர் பழைய ஃபோல்டரில் வைத்துவிட்டிருந்தது. லினக்ஸில் ஸ்கேன் வேலையைப் பார்க்கிற சேன் என்கிற மென்பொருள் தேடுவது 64 பிட் ஃபோல்டரில். நடுவில் நானே ஒரு லிங்க் போட்டேன். 24.04-க்கு மாறியபோது மறுபடி அதே சடங்கு. இரண்டு தடவையும் ஞாயிற்றுக்கிழமை போச்சு.

இதில் என்ன கடுப்பு என்றால், ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டருக்கு அவர்கள் ஒழுங்கான டிரைவர் தருகிறார்கள். மேக்கிலும் லினக்ஸிலும் பிரிண்ட் வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்கிற ஒரே மென்பொருள்தான். மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-ல் வெளிவந்தது. ஆப்பிள் 2002-லிருந்து அதைத்தான் பயன்படுத்துகிறது. பக்கத்து வீடு வரைக்கும் தண்ணீர் லாரி வருகிறது, என் வாசலில் நிற்க மட்டும் அதற்கு மனசு வரவில்லை.

கேட்காமல் இருந்தேனா? டோல் ஃப்ரீயில் கூப்பிட்டேன். "என்ன விண்டோஸ் சார், பத்தா பதினொண்ணா?" லினக்ஸ் என்றேன். "அது எந்த விண்டோஸ் சார்?" மெயில் போட்டேன், புகார் எண் வந்தது. இரண்டே நாளில் "தீர்க்கப்பட்டது" என்று இன்னொரு மெயில் வந்தது. டிரம் மாற்ற வந்த சர்வீஸ் பையன் நல்லவன். "எனக்கே விண்டோஸ் சிடி மட்டும்தான் சார் கொடுத்திருக்காங்க" என்று சிரித்தான். கடைசியில் மெட்ரோ பிடித்து கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி, ரிச்சி தெருவில் எனக்கு விற்ற டீலரிடமே போனேன். அவர்தான் உண்மையைச் சொன்னார்: "பல்க் ஆர்டர் இருந்தா சொல்லுங்க, மேலே பேசுறேன்." வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, மூலக்கடை என்று தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர்களை எல்லாம் கேட்டேன். லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். மூன்று பிரிண்டர் பல்க் இல்லையாம்.

இந்தச் சண்டை என்னோடு தொடங்கியதும் இல்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற புரோகிராமர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அங்கே ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் பயனர்களுக்குத் தகவல் போகும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கு மூல நிரலைக் கேட்டபோது கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆள், ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983-ல் யாரும் திருத்திக்கொள்ளக்கூடிய மென்பொருளுக்கான குனு திட்டத்தை அவர் அறிவித்தார். நாற்பது வருஷம் கழித்து, மாடிப்படிக்கு அடியில், அதே பேப்பர் சிக்கல்!

கம்பெனிகள் இறங்கியே வராது என்றும் இல்லை. 2007-ல் லினக்ஸை உருவாக்குபவர்களில் ஒருவரான கிரெக் குரோவா ஹார்ட்மேன், தகவலை மட்டும் கொடுங்கள், லினக்ஸ் டிரைவரை நாங்கள் இலவசமாக எழுதித் தருகிறோம், ரகசிய ஒப்பந்தம் என்றாலும் சரி என்று கம்பெனிகளை வெளிப்படையாகவே கூப்பிட்டார். வைஃபை சிப் விஷயத்தில் வெகுகாலம் முரண்டு பிடித்த பிராட்காம் 2010-ல் திறந்த டிரைவர் கொடுத்தது. கிராஃபிக்ஸ் சிப் செய்கிற என்விடியாவை, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் மேடையிலேயே திட்டினார். அந்தக் கம்பெனி தன் டிரைவரின் கெர்னல் மாட்யூல் நிரலைத் திறந்து காட்ட 2022 ஆனது. பிரிண்டர்காரர்களை வழிக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா? நம் கெஞ்சல் இல்லை, ஐபோன். 2010-ல் போனிலிருந்து நேராக அச்சடிக்கிற ஏர்பிரிண்ட் வசதி வந்தது. போனில் டிரைவர் போட முடியாது, ஆகவே பிரிண்டரே பொதுப் பாஷை பேசியாக வேண்டும். அந்தப் பாஷைக்கு அடித்தளம் ஐ.பி.பி. என்கிற பொது அச்சு நெறிமுறை, அது கப்ஸுக்கு ஏற்கெனவே அத்துபடி. ஏர்பிரிண்ட் உள்ள மெஷினை வைஃபையில் இணைத்தால் லினக்ஸ், தனியாக டிரைவர் எதுவும் கேட்காமல், அதைக் கண்டுபிடிக்கிறது. மச்சான் வீட்டு பிரிண்டரில் பார்த்தேன், பேப்பர் இல்லை என்று தமிழிலேயே சொன்னது. பொறாமையாக இருந்தது.

ஆகவே தம்பிக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னேன். கடைக்காரனிடம் "லினக்ஸ் ஓடுமா" என்று கேட்காதே, தலையாட்டிவிடுவான். ஏர்பிரிண்ட் உண்டா என்று கேள், உண்டென்றால் பில்லில் எழுதி வாங்கு, இரண்டாயிரம் கூட ஆனாலும் பரவாயில்லை. இந்த மெஷின் உழைக்கும், நன்றாக அச்சடிக்கும், ஆனாலும் வேண்டாம்.

"சரிண்ணா" என்றான். போனை வைத்துவிட்டு அந்த விலையை இன்னொரு தடவை பார்த்தேன். கைவசம் இரண்டு டோனர் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, ரீஃபில் பவுடர் இருக்கிறது, அந்த 32 பிட் சடங்கும் மனப்பாடம். நாளைக்கு டிரம் போனால் உதிரிக்காவது ஆகும். ஆர்டர் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன்னால், ரோஷத்துக்காக, விற்பனைப் பக்கத்தின் கேள்விப் பெட்டியில் கேட்டேன்: லினக்ஸில் பேப்பர் தீர்ந்தால் திரையில் சொல்லுமா? பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "ஆம் சார், ஏ4 பேப்பர் சப்போர்ட் செய்யும்."